பதினோராவது கேள்வி

ஜூன் 4

அன்புள்ள பொடிசுக்கு,

நேற்று போனைப் பாதிப் பேச்சில் வைத்துவிட்டாய். உன் வாயாடி மகள் பக்கத்தில் வந்து நின்றிருப்பாள். "சரிக்கா, அப்புறம் பேசறேன்" என்று நீ குரலை மாற்றியதிலேயே தெரிந்தது. இரண்டு அறை வீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு அவளைப் பற்றியே எப்படிப் பேசுவது? அதனால்தான் எழுதுகிறேன். நீயும் எழுது. இந்த முறை "நலம், நலமறிய ஆவல்" என்று ஒன்றரை வரியில் தப்பிக்க முடியாது. உன் கையிலிருந்து ஒரு முழுப் பக்கம் வாங்குவதற்குள் எனக்கு மிச்சத் தலையும் நரைத்துவிடும் என்பது வேறு விஷயம்.

பள்ளிக்கூடத்தில் வாயாடியை மதிப்பீட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்கள் என்று அழுதாயே, அதில் அழ என்ன இருக்கிறது? இருபது வருஷமாக உன் அக்கா பார்க்கிற வேலையே அதுதான். வாசிக்கவோ எழுதவோ கஷ்டப்படுகிற பிள்ளையை மேசைக்கு எதிரே உட்கார வைத்து, எது வருகிறது, எது வரவில்லை, ஏன் வரவில்லை என்று பார்ப்போம். ஊசியா போடப் போகிறார்கள்? அறுபது சொற்கள் உள்ள அட்டையை வாசிக்கச் சொல்வார்கள். ஒரு சின்னக் கதை வாசிக்க வேண்டும். கொஞ்சம் எழுத வேண்டும். படங்களை வைத்துச் சில புதிர்கள். கற்றல் குறைபாடு இருக்கிறது என்று தெரிந்தால் பரீட்சையில் கூடுதல் நேரம் கிடைக்கும், கேள்வித்தாளை வாசித்துச் சொல்ல ஆள் கிடைக்கும், சொல்லிக்கொடுக்கும் முறையையும் மாற்றுவார்கள்.

"நீயே பாத்துடேன்க்கா" என்றாய். சொந்தக்காரப் பிள்ளையை நாங்கள் சோதிக்கக் கூடாது, அது விதி. உங்கள் ஊர் மதிப்பீட்டாளர் அம்மாவை எனக்குத் தெரியும், பொறுமைசாலி. அவருக்குக் கொடுக்க ஒரு படிவம் வரும். பிள்ளை எப்போது நடந்தாள், எப்போது பேசினாள் என்றெல்லாம் கேட்டிருக்கும். நிரப்புவதற்கு முன் எனக்கு எழுதிக் காட்டு.

ஜூலையில் பக்கத்துப் பள்ளிகளில் எனக்கு ஐந்து நாள் வேலை இருக்கிறது. சோதனைப் பெட்டியும் கையுமாக உன் வீட்டில்தான் இறங்குவேன். அதுவரை வீணாகக் கலங்காதே. வாயாடி கெட்டிக்காரி, நன்றாகச் செய்வாள்.

அன்புடன்
அக்கா


ஜூன் 23

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து பல நாள் ஆகிறது. கைப்பையிலேயே வைத்திருந்தேன். கடையில் கூட்டம். உன் எழுத்தும் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. கொஞ்சம் பெரிதாக எழுதினால் குறைந்தா போய்விடுவாய்? போனில் கேட்டால் ஆகாதா என்று எனக்குக் கோபம்தான். ஆனாலும் எழுதுகிறேன்.

பத்தாம் மாதம் நடந்தாள். ஒரு வயதில் பேசினாள். அதற்குப் பிறகு நிறுத்தவே இல்லை, உனக்குத் தெரியாததா. வலது கைப் பழக்கம். பெரிய காய்ச்சல் ஒன்றும் வந்ததில்லை. கதை கேட்டால் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்வாள். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் முதல் வரியிலேயே நிற்பாள். வியர்க்கும். ஒன்பதாம் வகுப்புக்கு வந்தும் அப்படித்தான்.

முதலில் கண் என்று நினைத்தேன். எங்கள் கடையிலேயே மூன்று முறை பார்த்தேன். கண்ணாடிக் கடைக்காரியை ஏமாற்ற முடியாது அக்கா. முன்னால் நிற்கிற பிள்ளை சொல்வதைக் கேட்டு, அட்டையின் கடைசி வரியை மனப்பாடம் பண்ணிக்கொண்டு சில வாண்டுகள் வருவார்கள். கண்ணாடி போட்டால் கிண்டல் செய்வார்கள் என்று பயம். கடகடவென்று ஒப்பிப்பார்கள். நான் சத்தமில்லாமல் வேறு அட்டையை மாற்றுவேன். அப்போது முழிப்பார்கள் பார். வாயாடி அப்படி இல்லை. கண் நன்றாகத்தான் இருக்கிறது.

எனக்குப் பயம் வேறு. அவள் பள்ளியில் மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை இருக்கிறது. உடைந்த மேசை போட்டு வைத்திருந்த அறை. ஜன்னல் இல்லை. குறைபாடு என்று எழுதிவிட்டால் அங்கேதான் அனுப்புவார்களாம். மணி அடித்ததும் மற்ற பிள்ளைகள் அந்தக் கதவைத் தட்டிவிட்டு ஓடுகிறார்கள். நானே பார்த்தேன். என் பிள்ளையை அங்கே உட்கார வைக்க மாட்டேன்.

படிவத்தில் பதினோராவது கேள்வி, குடும்பத்தில் வேறு யாருக்காவது வாசிக்க எழுதச் சிரமம் இருந்ததா என்று. இல்லை என்று போட்டுவிட்டேன். அவர் வீட்டில் எல்லாரும் படித்தவர்கள். நம் வீட்டில்தான் நீ இருக்கிறாயே.

உன் பொடிசு


ஆகஸ்ட் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நல்ல சேதி. ரிப்போர்ட் வந்துவிட்டது. குறைபாடு இல்லை!

பிரதி இதோடு இருக்கிறது. அறுபது சொல்லில் ஐம்பத்தெட்டு சரி. கதையை ஒரு இடத்திலும் நிற்காமல் வாசித்திருக்கிறாள். எழுத்தில் மட்டும் குறைவு. கவனம் போதாது, முயற்சி போதாது என்று எழுதியிருக்கிறார்கள். அது கிடக்கட்டும். மாடிப்படி அறைக்குப் போக வேண்டாம். வாயாடி அப்பா லிஃப்ட் ரிப்பேர் வேலையை முடித்துவிட்டு அழுக்குச் சட்டையோடு வந்து ரிப்போர்ட்டைப் பார்த்தார். "நான்தான் சொன்னேனே" என்றார். என்ன சொன்னார் என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஆனாலும் அன்று எல்லாரும் சிரித்தோம்.

நீ ஜூலையில் வந்து போனது எனக்குப் பெரிய தெம்பு. நீ சொன்ன மாதிரியே நன்றாகச் செய்துவிட்டாள்.

உன் பொடிசு


செப்டம்பர் 6

பொடிசு,

ரிப்போர்ட்டைப் படித்தேன். சந்தோஷப்படத்தான் முயன்றேன்.

ஜூலையில் உன் வீட்டில் இருந்தபோது வாயாடியிடம் மருந்துப் பாட்டில் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று விளையாட்டாகக் கேட்டேன். மூன்று சொல். இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "பெரியம்மா, நீங்க கண்ணாடி போட்டுக்கங்க" என்று என்னையே மடக்கிவிட்டு ஓடினாள். அந்தப் பிள்ளை ஆறு வாரத்தில் ஐம்பத்தெட்டு சொற்களை வாசித்தாள் என்றால் நான் என் தொழிலை விட்டுவிடலாம்.

அவள் தவறவிட்டது எந்த இரண்டு சொல் என்று பார்த்தேன். கடைசி இரண்டும். என் அட்டையின் கீழ்மூலை நாலு வருஷமாகக் கிழிந்து கிடக்கிறது. ஒரு குழந்தை பதற்றத்தில் கிழித்தது. அந்த மூலையில் இருந்த இரண்டு சொற்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருக்கிறேன். புது அட்டை கேட்டு எழுதியும் இன்னும் வந்தபாடில்லை. மற்ற ஊர்களில் இருக்கும் இதே அட்டைகள் எல்லாம் முழுசாக இருக்கின்றன. உன் மகளுக்குத் தெரியாமல் போனது, என் அட்டையில் இல்லாத அந்த இரண்டு சொற்கள் மட்டும்.

பெட்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனேன். அப்போதுதானே அட்டைகளைப் போனில் படம் எடுத்தாய்? சாவியை விட்டது என் தப்பு. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் நீ செய்தது என்ன என்று உனக்குப் புரிகிறதா? அட்டையை மனப்பாடம் செய்துகொண்டு வரும் பிள்ளைகளைப் பற்றி நீதான் எழுதினாய். நீ அட்டையை மாற்றாமல் விட்டால் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும்? கண்ணாடி கிடைக்காது. கரும்பலகை மங்கலாகவே இருக்கும். எல்லாரும் அவனுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள். கடைக்கு வரும் யார் யாருடைய பிள்ளைகளையோ காப்பாற்றுகிறாய். உன் பிள்ளைக்கு நீயே மனப்பாடம் செய்து கொடுத்திருக்கிறாய்.

இது பாஸ், ஃபெயில் பார்க்கும் பரீட்சை இல்லை. வேறு பெட்டி ஒன்று இருக்கிறது, வேறு சொற்கள், வேறு கதை. அதை வைத்துத் திரும்பச் செய்யலாம். அதற்கு முதல் ரிப்போர்ட்டை ரத்து செய்ய வேண்டும். ரத்து செய்யக் காரணம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும், அதற்குள் அவள் பொதுத்தேர்வே முடிந்துவிடும். நீயே போய்ச் சொல். உடனே பதில் எழுது.

அக்கா


அக்டோபர் 1

அக்காவுக்கு,

திருடி என்று நேராகவே எழுதியிருக்கலாம். இவ்வளவு சுற்றியிருக்க வேண்டாம்.

ஆமாம், எடுத்தேன். கடையில் கண்ணாடி தேய்க்கிற அண்ணனிடம் படங்களைக் காட்டிப் படிக்கச் சொன்னேன். பள்ளியில் ஒரு போட்டி என்று சொன்னேன். அவர் குரலைப் போனில் பதிந்துகொண்டேன். பாத்திரம் கழுவும்போதும் தலை வாரும்போதும் அதைப் போட்டுவிடுவேன். பன்னிரண்டு நாளில் வரிசை மாறாமல் சொன்னாள். கதையையும்தான். நன்றாகச் செய்வாள் என்று நீதானே எழுதினாய்? நான் நன்றாகச் செய்ய வைத்தேன். அந்த மாடிப்படி அறையை நீ பார்த்ததில்லை.

இப்போது கேள். போன வாரம் வகுப்பில் டீச்சர் அவளை எழுப்பி நிற்க வைத்திருக்கிறார். "ரிப்போர்ட்ல நல்லா வாசிக்கிறேன்னு போட்டிருக்கு. இத்தனை நாள் எங்களை ஏமாத்தினியா? வாசி" என்றாராம். புதுப் பாடம். வாயைத் திறக்கவே இல்லையாம். மணி அடிக்கும் வரை நின்றிருக்கிறாள். வீட்டில் அவரிடம் சொன்னேன். "அப்ப இது கொழுப்புதான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவரைச் சொல்லி என்ன, அவர் கையில் இருப்பதும் அந்த ரிப்போர்ட்தானே.

அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள் அக்கா. வாயாடி பேசுவதில்லை. சோறு வேண்டுமா என்றால் தலையை ஆட்டுகிறாள். நேற்று மட்டும் ஒன்று கேட்டாள். "அம்மா, நான் சோம்பேறியா, முட்டாளா? ரெண்டுல எது?" என்றாள். நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டே நின்றேன்.

போய்ச் சொல் என்கிறாய். சொன்னால் அவளை ஏமாற்றுக்காரி என்பார்கள். உன் பெட்டி என்று தெரிந்தால் உன் வேலைக்கே ஆபத்து வரும். வேண்டாம். நடந்தது நடந்துவிட்டது. விட்டுவிடு. இனி இதைப் பற்றி எனக்கு எழுதாதே.

பொடிசு


அக்டோபர் 11

என் பொடிசுக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். பெரிதாக, வரிக்கு வரி இடம் விட்டு எழுதியிருக்கிறேன். ஒரே நாளில் படிக்க வேண்டியதில்லை.

முதலில் செய்தி. நான் சொல்லிவிட்டேன். பெட்டிச் சாவியை வெளியே விட்டேன், உள்ளே இருந்தது பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது, அதனால் அந்த ரிப்போர்ட் செல்லாது என்று எழுதிக் கொடுத்தேன். யார் எடுத்தது என்று கேட்டார்கள். "என் வீட்டார்" என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. வாயாடி பேரில் ஒரு குற்றமும் இல்லை. அவளுக்கு அடுத்த மாதம் வேறு பெட்டி வைத்து மதிப்பீடு. பள்ளிக்கும் கடிதம் போகிறது. அதுவரை அவளை யாரும் எழுப்பி நிற்க வைக்கக் கூடாது என்று மதிப்பீட்டாளர் அம்மா போனிலேயே சொல்லிவிட்டார்.

என் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆறு மாதத்துக்கு நான் எந்தப் பிள்ளைக்கு எதிரேயும் உட்கார முடியாது. பின் அறையில் கோப்பு அடுக்குகிறேன். வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். காத்திருக்கும் பிள்ளைகள் கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிகிறார்கள். ஆனால் இது நீ எனக்குத் தந்த தண்டனை இல்லை. சாவியை ஆணியில் மாட்டியது நான்.

இனி எழுதப் போவதைத்தான் மூன்று நாளாக எழுதிக் கிழிக்கிறேன்.

உன் கடிதத்தைப் பல முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றேன். கண்ணாடி தேய்க்கிற அண்ணன் ஏன்? அறுபது சொல், ஒரு பக்கக் கதை. உன் ரகசியத்தை வெளியாள் ஒருவரிடம் கொண்டுபோய் நீட்டி ஏன் படிக்கச் சொன்னாய்? நீயே வாசித்துப் பதிந்திருக்கலாமே.

அப்போது நம் பழைய வீட்டு உள்ளறை ஞாபகம் வந்தது. உன் பாடத்தை நான் சத்தமாக வாசிப்பேன். நீ என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து என் சடையைப் பின்னுவாய், அவிழ்ப்பாய், திரும்பப் பின்னுவாய். மறுநாள் வகுப்பில் வரி பிசகாமல் ஒப்பிப்பாய். புதுப் பாடம் வாசிக்கிற நாளில் மட்டும் உனக்கு வயிற்றுவலி வரும். "நடிக்கிறா, கழுதை" என்பாள் அம்மா. நான் சிரிப்பேன். நான் வெளியூருக்குப் படிக்கப் போன வருஷம்தான் நீ பள்ளியை விட்டாய். உனக்குப் படிப்பில் ஆசை இல்லை என்று நாங்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டோம்.

ஆயிரம் பிள்ளைகளுக்கு மேல் எதிரே உட்கார வைத்துப் பார்த்தேன். என் முதுகுக்குப் பின்னால் இருந்தவளை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. உன் ஒன்றரை வரிக் கடிதங்களைப் பார்த்து வருஷக்கணக்கில் கேலி செய்திருக்கிறேன். என்னை மன்னித்துவிடு.

உன்னிடம் நான் எதுவும் கேட்கவில்லை. பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. புதுப் படிவம் வரும். அதிலும் பதினோராவது கேள்வி இருக்கும். அந்தப் பதில் மதிப்பீட்டுக்கு உதவும். அதற்கும் மேலாக, வாயாடி உன்னிடம் கேட்டாளே, இரண்டில் எது என்று, அவளுக்கு அது பதிலாக இருக்கும். என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

உன்
அக்கா


நவம்பர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் எழுத ஒன்பது நாள் ஆகியிருக்கிறது. எத்தனை நாள் என்று இதுவரை உனக்குச் சொன்னதில்லை. பில் தாளின் பின்பக்கம் எழுதுவேன். அடிப்பேன். திரும்ப எழுதுவேன். கடைசியில் நல்ல தாளில் பார்த்து எழுதுவேன். உன் கடிதத்தை வரிக்குக் கீழே அடிக்கோல் வைத்துப் படிப்பேன். கடையில் கூட்டம் என்று எழுதினேனே, கூட்டம் ஒன்றும் இல்லை.

இந்த வேலை ஏன் எனக்குப் பிடித்தது தெரியுமா? கண் அட்டையில் எழுத்துகள் தனித்தனியாக நிற்கும். ஒன்றோடு ஒன்று சேராது. ஒவ்வொன்றாகச் சொன்னால் போதும். மிச்சம் எல்லாம் எண்கள். எண் எனக்கு வரும்.

நீ என்னைப் பார்க்கவில்லை என்கிறாய். நான் காட்டவில்லை அக்கா. நன்றாக மறைத்தேன். அதையே பிள்ளைக்கும் சொல்லிக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

படிவத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்து நிரப்பினேன். வாயாடி எதிரே உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். பதினோராவது கேள்வியில் என் பேனா நின்றுவிட்டது. "என்னம்மா அது?" என்றாள். வாசித்துக் காட்டினேன். நிஜமாகவே வாசித்தேன், நான் வாசிப்பது போலவே. நின்று நின்று, ஒரு சொல்லை இரண்டு தடவை தப்பாகச் சொல்லி. அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"உனக்குமா?" என்றாள்.

"ஆமா."

"பெரியம்மாவுக்குத் தெரியுமா?"

"இப்பதான் தெரியும்."

"அவங்க இதுக்குத்தானே படிச்சாங்க?" என்றாள். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். நீ கோபித்துக்கொள்ளாதே.

பென்சில் சீவிய தூளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். "அப்ப நான் சோம்பேறியும் இல்ல, முட்டாளும் இல்ல" என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் "ஆம், தாய்க்கு" என்று எழுத ஆரம்பித்து, தப்பாக எழுதி, அடித்தேன். "மெதுவா எழுதும்மா. உனக்கும் கூடுதல் நேரம் உண்டு" என்றாள். நான் எழுதி முடிக்கும் வரை அப்படியே இருந்தாள்.

புது அட்டையில் பதினாறு சொல் வாசித்தாளாம். அதற்கு மேல் அட்டையைத் தள்ளி, "இனிமே வராது மிஸ்" என்றாளாம். மதிப்பீட்டாளர் அம்மா என்னிடம் அதைச் சொல்லிவிட்டு, "இது போதும்" என்றார். வாசிப்பிலும் எழுத்திலும் குறைபாடு உண்டு, கூடுதல் நேரம், வாசித்துச் சொல்ல ஆள், எல்லாம் கிடைக்கும் என்று எழுதியிருக்கிறார். வீட்டில் வாயாடி அப்பாவிடமும் எல்லாம் சொன்னேன். லிஃப்ட் சாமான் பையைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு வாயாடியின் புத்தகத்தை எடுத்து அவளுக்கு ஒரு பக்கம் படித்துக் காட்டினார். ரொம்ப வேகமாகப் படிக்கிறார். சொல்லித் திருத்த வேண்டும்.

வாரம் மூன்று மணி நேரம் அந்த மாடிப்படி அறைக்குத்தான் போகிறாள். உள்ளே போய்ப் பார்த்தேன். ஜன்னல் இல்லாதது உண்மைதான். மற்ற பிள்ளைகள் இன்னும் கதவைத் தட்டிவிட்டுத்தான் ஓடுகிறார்கள். வாயாடி கதவைத் திறந்து, "உள்ள வா, என்ன வேணும்?" என்று கேட்டாளாம். பேச ஆரம்பித்துவிட்டாள் என்று புரிந்துகொள்.

உன் பெட்டி போனது என்னால்தான். நீ என்ன சொன்னாலும் எனக்கு அது ஆறாது. என் மேல் உனக்குக் கோபம் இருந்தால் அதையும் பெரிய எழுத்தில் எழுது. மன்னிப்பு மட்டும் கேட்காதே. நீ வாசிக்காமல் இருந்திருந்தால் எனக்குப் பள்ளியே இருந்திருக்காது.

ஆறு மாதம் முடிந்ததும் வா. சாவியை உன் இடுப்பிலேயே வைத்துக்கொள். ஒரு கதைப் புத்தகமும் கொண்டு வா, தடிமனாக. நீ சத்தமாக வாசி. நானும் அவளும் பின்னால் உட்கார்ந்து, உனக்கு மிச்சம் இருக்கிற முடியைப் பின்னுகிறோம். நடுவில் ஒரு தடவை திரும்பிப் பார்.

உன்
பொடிசு